வைப்பினுக்குப் போன பூனை

பிச்சைமணியின் வீட்டுக்குள் அந்தப் பூனை வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. அதில் முதல் இரண்டு மாதம் அது பின்சுவரை விட்டு இறங்கவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத ஒரு பழைய சுக்குக் கிடங்கு. அங்கேதான் எங்கோ பிறந்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்தாலே சுக்குப் பொடி வாசனை அடித்தது. அவர் மனைவி ஆவுடையம்மாள் முற்றத்தில் அரிவாள்மணையைப் போட்டுச் சாளை மீன் ஆய உட்காரும்போது, சுவர் மேல் வந்து முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். கத்தாது. மீன் தலையைச் சுவரோரம் எறிந்தால், அவள் எழுந்து போன பிறகுதான் இறங்கித் தின்னும்.

சாம்பல் நிறம், அதில் கறுப்பு வரி. மட்டாஞ்சேரியில் நான்கு பூனையைப் பார்த்தால் மூன்று அப்படித்தான் இருக்கும்.

மழை தொடங்கியதும் அது சுவரிலிருந்து துணி துவைக்கிற கல்லுக்கு இறங்கியது. மழை வலுத்ததும் கல்லிலிருந்து பின்வாசல் படிக்கு வந்தது. ஓணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, அரிசியும் உளுந்தும் அடுக்கியிருக்கிற சாக்கு அறையில், காலிச் சாக்குகளின் மேல் அது சுருண்டு தூங்குவதை மகா கண்டுபிடித்தாள். மகா அவர்களுடைய ஒரே மகள், பிளஸ் டூ படிக்கிறாள். அந்த மாதத்தோடு சாக்குகளில் எலி ஓட்டை போடுவது நின்றது.

"உளுந்தக் காவல் காக்குதுல்லா, அதனால இது பேரு உளுந்து," என்றாள் மகா.

"பேரு வச்சிட்டா அப்புறம் வெரட்ட முடியாதுட்டி," என்றார் பிச்சைமணி.

"அதுக்குத்தானே வச்சது."

பிச்சைமணிக்குப் பூனை மேல் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. அவர் மாவு விற்கிறவர், அதுதான் சிக்கல். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து, எர்ணாகுளத்தில் ஒரு ஓட்டலில் சில வருடம் வேலை பார்த்து, பிறகு மட்டாஞ்சேரியில் இந்த வீட்டைப் பிடித்துப் பதினெட்டு வருடமாக இட்லி, தோசை மாவு அரைத்துக் கொடுக்கிறார். மத்தியானம் ஊறப் போட்டு, சாயங்காலம் அரைத்து, விடியற்காலையில் வாளி வாளியாக டிவிஎஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போர்ட் கொச்சி வரைக்கும் போய்க் கொடுத்துவிட்டு வருவார். வீட்டு முன்னறையில் ஆவுடையம்மாள் சில்லறை விற்பனையைப் பார்த்துக்கொள்வாள். சந்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. வீட்டுக்குப் பெயர் மாவு வீடு.

நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, போர்ட் கொச்சியில் வாடிக்கையாக மாவு வாங்குகிற ஒரு ஓட்டலின் சமையல்காரர், ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு வெளியே வந்தார். விரல் நுனியில் ஒரு முடி.

"அண்ணாச்சி, இது ஆரோட முடி?"

குட்டையாக, சாம்பலாக இருந்தது. பூனை முடியா, சாக்கு நாரா என்று பிச்சைமணிக்கே நிச்சயமில்லை. ஆனால் மாவு விற்கிறவர் நிச்சயமாகிற வரைக்கும் காத்திருக்க முடியாது. அன்று இரண்டு வாளி மாவை முற்றத்து வாய்க்காலில் கொட்டினார். ஆவுடையம்மாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"பூனைய அனுப்பிருவோம்," என்றார்.

"எங்க அனுப்ப? அதுக்கு மாமியா வீடா இருக்கு?"

"வெளையாடாத. ஒரு முடி நம்ம பதினெட்டு வருசத்த முழுங்கிரும்."

"அத வெளிய போட்டா எலி வரும். மாவுல எலி முடி கெடந்தா ஒமக்குச் சம்மதமா?"

 வீட்டில் தோற்ற மனிதர்கள் செய்வதை அவரும் செய்தார், டீக்கடைக்குப் போனார்.

சந்து முனையில் யூசுப்பின் டீக்கடை. யூசுப்புக்குத் தெரியாத விஷயம் மட்டாஞ்சேரியில் இல்லை. சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ரோட்டு வழியா கொண்டு விட்டா பூச்சை திரும்ப வரும், அண்ணாச்சி. கலூர்ல விட்டாலும் வரும். வெள்ளம் கடத்தணும், தண்ணிக்கு அக்கரை கொண்டு போகணும். கடத்துறதுக்கு முன்னாடி சாக்கோட மூணு சுத்து சுத்தணும். திக்கு மறந்து போகும்."

"நெசமாவா?"

"எங்க வாப்பா அஞ்சு பூச்சைய அப்படிக் கடத்தியதாணு. ஒண்ணும் வந்ததில்லை."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வெளிச்சம் இன்னும் சரியாக வராத முற்றத்தில், பிச்சைமணி ஒரு சாளை மீனைச் சாக்கின் அடியில் போட்டு வாயைத் திறந்து வைத்தார். ஆவுடையம்மாள் முன்னறையில் ஆட்களுக்கு மாவு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னாலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது. மோந்து பார்த்தது. தயங்கித் தயங்கி உள்ளே போனது. அவர் சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டினார். ஏழு மாதத்தில் அந்தப் பூனையை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் சாக்கு வழியாக.

மாவு வாளிகளுக்கு நடுவில் சாக்கையும் வைத்துக்கொண்டு போனார். முதல் கடையில் வாளியை இறக்கும்போது சமையல்காரர் கேட்டார். "எந்தா அண்ணாச்சி, இன்னைக்கு மாவு கத்துதே?"

"அதிகமா புளிச்சிட்டு," என்றார் பிச்சைமணி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

போர்ட் கொச்சி ஜெட்டியில், வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப் போகிற ரோ-ரோ படகு வரிசைக்குப் பக்கத்தில், சாக்கைக் கையில் பிடித்து மெதுவாக மூன்று சுற்றுச் சுற்றினார். ஆட்டோவில் இருந்த ஒரு குடும்பம் அவரையே பார்த்தது. அக்கரையில் இருக்கிற வைப்பின் தீவில் இறங்கியதும் காளமுக்கு மீன் துறைக்குப் போனார். எங்காவது விடத்தான் வேண்டுமென்றால் மீன் இருக்கிற இடத்தில் விடலாமே என்று யோசித்து வைத்திருந்தார். அந்த மட்டுக்கும் அவருக்கு இரக்கம் உண்டு.

சாக்கை அவிழ்த்தார். உள்ளே போட்ட சாளை மீன் அப்படியே கிடந்தது. பூனை ஒரே பாய்ச்சலில் வெளியே வந்து ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஓடியது. ஓடும்போது அதன் பின்னங்கால் ஒன்று வெள்ளையாக, கணுக்கால் வரை நனைத்தெடுத்த மாதிரி தெரிந்தது.

மாவு! மாவில் கால் வைத்திருக்கிறது! பிச்சைமணிக்கு அதுவரை மனதை உறுத்திக்கொண்டிருந்தது போய்விட்டது. "நெனச்சேன்," என்று சத்தமாகவே சொன்னார். பதினெட்டு வருடமாக உலகத்தில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் அவருக்கு முதலில் மாவுதான் ஞாபகம் வரும்.

ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால், அவர் வழக்கமாக உட்கார்ந்து சாயா குடிக்கிற ஸ்டூலில் பூனை உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம். கறுப்பு வரி. பின்னங்காலை நீட்டி நக்கிக்கொண்டிருந்தது. காலில் மாவு இல்லை.

"இது எப்ப வந்துச்சு?"

ஆவுடையம்மாள் அவர் முகத்தையும் கையிலிருந்த காலிச் சாக்கையும் பார்த்தாள். "இப்பத்தான்," என்றாள். "எங்க போயிருந்திய?"

"வைப்பின்ல கொண்டு விட்டுட்டு வாரேன்ளா! காளமுக்குல! கடலத் தாண்டி!"

"ஆத்தாடி," என்றாள் ஆவுடையம்மாள், கன்னத்தில் கை வைத்து. "அப்ப நீந்தியில்லா வந்திருக்கு!"

பிச்சைமணி ஸ்டூலுக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். காலிலிருந்த மாவு எங்கே போயிற்று என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. உப்புத் தண்ணீர் கழுவிவிட்டது. அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்ததுதான் ஆச்சரியம். ரோ-ரோ வரிசையில் அவர் நின்றது அரை மணி நேரம். அதற்கு வரிசை ஏது?

"இத இனிமே அனுப்பக் கூடாது," என்றார். "இவ்வளவு தூரம் நம்மளத் தேடி வந்திருக்கு. நம்ம பூனைய இனி எவன் கிட்டயும் விட முடியாது."

'நம்ம பூனை' என்று அவர் சொன்னது ஆவுடையம்மாளின் காதில் விழுந்தது. அன்று மத்தியானத்திலிருந்து அவருக்கு வறுத்த மீன் இரண்டு துண்டு கூடுதலாக வந்தது. சாயங்காலம் அவரே கடைக்குப் போய்க் கம்பி வலை வாங்கி வந்து, கிரைண்டர் இருக்கிற அறைக்குச் சட்டம் அடித்து ஒரு வலைக்கதவு போட்டார். இனி சாக்கு அறையும் முற்றமும் முன்னறையும் பூனைக்கு. மாவு அறை மாவுக்கு. இந்த யோசனை வெள்ளிக்கிழமையே ஏன் வரவில்லை என்று அவரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலைக்குள் சந்து முழுக்கக் கதை பரவிவிட்டது. ஆவுடையம்மாள் மாவு ஊற்றுகிற ஒவ்வொரு பாத்திரத்தோடும் அதையும் சேர்த்துக் கொடுத்தாள். சேவியர் தன் தூக்குவாளியோடு வந்து நின்று முழுவதையும் கேட்டார்.

சேவியர் எதிர் வீட்டுக்காரர். அறுபத்தெட்டு வயது. எர்ணாகுளம் போகிற படகில் முப்பத்தோரு வருடம் ஸ்ராங்காக இருந்து ஓய்வு பெற்றவர். படகை ஓட்டுகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எர்ணாகுளத்து வேலைக்குத் தினமும் அந்தப் படகில் போய் வந்த காலத்தில்தான் பிச்சைமணிக்கு அவர் பழக்கமானார். அன்றைக்கு இந்த வீட்டின் சொந்தக்காரர், ஊர் பேர் தெரியாத ஆளுக்கு வாடகைக்குக் கொடுக்க மாட்டேன் என்று நின்றபோது, "எனக்குத் தெரியும் இவரை. தினசரி என் போட்டில் வாற ஆள்" என்று சொல்லிச் சாவியை வாங்கிக் கொடுத்தவர் சேவியர்தான்.

"சேச்சி, முப்பத்தோரு கொல்லம் நான் அந்த வெள்ளத்துல போட் ஓட்டியவன்," என்றார் சேவியர். "அழிமுகத்து ஒழுக்குல, கடல் வாய் இழுப்புல, மனுஷனே நீந்த மாட்டான். பூச்சை நீந்துமோ? டிக்கெட் எடுக்காம ரோ-ரோல ஏறி வந்திருக்கும், அத்தறைதான்."

"எப்படி வந்தா என்ன சேட்டா, வந்துச்சில்லா?" என்றார் பிச்சைமணி.

"வந்துச்சு, வந்துச்சு. என்டெ கிளாராவையும் நேத்துலேர்ந்து காணோம். அவளும் வைப்பினுக்கு டூர் போயாச்சோ என்னவோ."

எல்லோரும் சிரித்தார்கள். பிச்சைமணியும் சிரித்தார்.

கிளாரா சேவியரின் பூனை. அதற்கு முன் அவர் மனைவியின் பூனை. அந்த அம்மாள் போய் இரண்டு வருடம் ஆகிறது, மகன் குவைத்தில். கிளாரா அவ்வப்போது ஒருநாள், ஒன்றரை நாள் சுற்றிவிட்டு வரும் என்பதால் சேவியர் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் யூசுப்பின் கடைக்குப் பக்கத்து விளக்குக் கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மலையாளம். பிச்சைமணிக்கு மலையாளம் பேசவரும், படிக்க வராது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகா கம்பத்துக்கு முன்னால் நின்று படித்தாள். அவர் பக்கத்தில் சாயா டம்ளரோடு நின்றார்.

"காணவில்லைன்னு போட்டிருக்குப்பா. பேரு கிளாரா. ஆறு வயசு. சாம்பல் கலர், கறுப்பு வரி. பின்னால எடது காலு மட்டும் வெள்ள, சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும்."

டம்ளரிலிருந்து சாயா அவர் கை மேல் வழிந்தது.

"கண்டுபிடிக்கிறவங்க இந்த நம்பர்ல கூப்பிடணுமாம். கீழ சேவியர் அங்கிள் பேனாவால என்னமோ எழுதிருக்காரு."

"என்ன எழுதிருக்கு?"

"'அவளுக்கு மீன் முள்ளெடுத்துத்தான் கொடுக்கணும்'னு." மகா திரும்பிப் பார்த்தாள். "அப்பா, கை சுடலியா?"

மாவு இல்லை அது. முள்ளெடுக்காத சாளை மீன் சாக்குக்குள் அப்படியே கிடந்ததும் அவருக்கு இப்போது புரிந்தது. வீட்டுப் பூனைக்கு எந்தக் கால் என்ன நிறம் என்று கேட்டிருந்தால் ஏழு மாதத்தில் ஒருநாள்கூட அவரால் சொல்லியிருக்க முடியாது. விரட்டுவதற்காக மட்டும் பார்த்த பூனை அது. அதனால்தான் எதிர்வீட்டுப் பூனையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அதுவும் எந்த வீட்டிலிருந்து? வேறு எவரோ வீடாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. உடனே அப்படித் தோன்றியதற்காகவும் கூசியது.

மறுநாள் மாவு கொடுத்து முடித்ததும் யாரிடமும் சொல்லாமல் காளமுக்குக்குப் போனார். கண்டுபிடித்துக் கொண்டுவந்து சந்தில் விட்டுவிட்டால், அது தானாக வந்ததாகிவிடும். ஒருவருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. மீன் துறையில் ஐம்பது பூனையாவது இருக்கும். பிச்சைமணி குனிந்து பின்னங்கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

"எந்தா சேட்டா, செருப்பைக் காணோமா?" என்று கேட்டாள் மீன் கூடை வைத்திருந்த ஒருத்தி.

ஒன்றரை மணி நேரம் தேடினார். வெள்ளைக்கால் ஒன்று கிடைத்தது. ஆனால் அது முன்னங்கால். அதையே பிடித்துக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் அவர் மனம் நினைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெறுங்கையோடு வீடு வந்தபோது ஆவுடையம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஆவுட, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு வைப்பின் போனது உளுந்து இல்ல. சேவியர் சேட்டனோட கிளாரா."

அவள் கை அரிசித் தண்ணீருக்குள் நின்றது. மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நெசமாவே கொண்டு விட்டியளா?"

"என்ன கேக்க? கொண்டு விட்டேன்னு அன்னைக்கே சொன்னேன்லா?"

"சொன்னிய. நான் நம்பல." கையை உதறி முந்தானையில் துடைத்தாள். "ஏழு மணிக்குச் சாக்கு ரூம எட்டிப் பாக்கேன், உளுந்து உள்ள தூங்குது. நீங்க கெளம்பி ஒரு மணி நேரங்கூட ஆகல. சரி, சாக்குல புடிச்சிட்டுப் போன மனுசனுக்கு மனசு கேக்கல, சந்து முக்குலயே அவுத்து விட்டுட்டாவன்னு நெனச்சேன். வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வைப்பின், கடலுன்னு கத விடுதாவன்னு நெனச்சேன்."

"அப்ப நீந்தி வந்துச்சுன்னு நீதானளா சொன்ன!"

"ஒம்ம மானத்தக் காப்பாத்தச் சொன்னேன். நீந்தி வந்த பூனைக்கு ஒரு முடியாவது நனைஞ்சிருக்காதா? மூள வேண்டாமா?"

 நாலு நாளாகத் தட்டில் விழுந்த கூடுதல் மீன் துண்டுகள் எதற்கு என்று பிச்சைமணிக்கு இப்போதுதான் விளங்கியது. இல்லாத இரக்கத்துக்கு வந்த சம்பளம் அது.

"இப்ப என்ன செய்ய?" என்றார்.

"என்னயக் கேட்டா? போயிச் சொல்லுங்க."

"இன்னொரு நாளு தேடிப் பாத்துட்டு—"

"பூனை வரும்னு அந்த மனுசன் ராத்திரி கதவத் தாப்பாப் போடாம தூங்குதாரு. மகா பாத்திருக்கா. ஒரு நாளு எதுக்கு இன்னும்?"

வெள்ளிக்கிழமை காலை சேவியர் தூக்குவாளியோடு வந்தார். சவரம் செய்யாத முகம். "ஒரு கிலோ, அண்ணாச்சி. புது மாவுதானே?" வாயில் வந்தது வழக்கமான கேள்வி, கண் சந்தின் கோடியில் இருந்தது.

பிச்சைமணி அகப்பையை வாளியில் வைத்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார். உளுந்தைக் கடத்த நினைத்தது, சாக்கு, சாளை மீன், மூன்று சுற்று, வெள்ளைக்காலைப் பார்த்து மாவு என்று நினைத்தது, வியாழக்கிழமை தேடிப் போனது. தேடிக் கிடைத்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்பதையும் சொன்னார்.

சேவியர் எல்லாவற்றையும் கேட்டார். காலித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு சந்தைக் கடந்து தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பதினெட்டு வருடத்தில், அவர் மனைவி இறந்த வாரத்தைத் தவிர, அந்த மனிதர் மாவு வாங்காமல் திரும்பியதில்லை.

பிச்சைமணி வாசல் படியில் உட்கார்ந்தார். மாவு வாங்க வந்தவர்களுக்கு ஆவுடையம்மாள்தான் ஊற்றிக் கொடுத்தாள். அதற்கிடையில் அடுப்பில் ஏதோ வேகவைத்தாள். அரை மணி நேரம் கழித்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சேவியர் சட்டை மாற்றி, தோளில் ஒரு துணிப்பையோடு வந்து நின்றார்.

"எவிடெ விட்டது? காட்டித் தா."

ஆவுடையம்மாள் ஒரு டிபன் டப்பாவைப் பிச்சைமணியின் கையில் கொடுத்தாள். "வேகவச்ச மீனு. முள்ளு ஒண்ணுங்கூட இல்ல, ரெண்டு தடவ பாத்துட்டேன். கெடைக்காம வராதிய."

வண்டியின் பின்னால் சேவியர் ஏறிக்கொண்டார்.  ரோ-ரோவில் வேலை செய்கிறவர்கள் பழைய ஸ்ராங்கை அடையாளம் கண்டு, "சேவியரேட்டா, எங்கோட்டு?" என்று விசாரித்தார்கள். "ஓராளைக் கூட்டிட்டு வரணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். பிச்சைமணி இரண்டடி தள்ளி, வண்டியோடு நின்றார்.

காளமுக்கில் சேவியர் பின்னங்கால் எதையும் பார்க்கவில்லை. நடுவில் நின்று, படகு கரை சேரும்போது குரல் கொடுக்கிற மாதிரி நீட்டிக் கூப்பிட்டார். "கிளாரே! எடீ கிளாரே!"

நாலைந்து மீன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் ஆள் எட்டிப் பார்த்தான். சேவியரை விட்டுவிட்டுப் பிச்சைமணியை நோக்கிக் கை நீட்டினான்.

"இந்தச் சேட்டன்தான்! ஞாயிறாழ்ச்ச அக்கரை ஜெட்டியில சாக்கைப் பிடிச்சு மூணு சுத்து சுத்தினாரு. நான் ஐஸ் வண்டியில பின்னாடியே உண்டு. ஏதோ மந்திரவாதம்னு நினைச்சு நான் பயந்து போயிட்டேன்."

அவன் பெயர் அனில். ஐஸ் வியாபாரம். பிச்சைமணி பூமிக்குள் போக இடம் தேடினார்.

"அந்தப் பூச்சை எங்கே, மோனே?" என்றார் சேவியர்.

"உள்ளே உண்டு. என் கூடத்தான் அஞ்சு நாளா. இத்தறை மீன் இருக்கு, ஒண்ணும் தொடாது, சேட்டா. மீன் திங்காத பூச்சைய நான் இப்பத்தான் ஆதியமா பாக்குறேன். பாலும் பன்னும் கொடுத்து வச்சிருக்கு."

"முள்ளு எடுத்துக் கொடுக்கணும் அவளுக்கு," என்றார் சேவியர். "என் பாரியாள் பழக்கி வச்சது."

ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால், உலர்ந்த சாக்கின் மேல், கிளாரா உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தது. பிச்சைமணி டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினார். அது அவரைப் பார்த்ததும் இன்னும் பின்னால் போயிற்று. சேவியர் டப்பாவை வாங்கிக் கீழே வைத்துக் குந்தி உட்கார்ந்தார். கிளாரா வந்து, முதலில் மீனைத் தின்று முடித்தது. பிறகு வாயை நக்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, அவர் மடியில் ஏறியது.

சேவியர் அதன் இடது பின்னங்காலைப் பிடித்துப் பெருவிரலால் வெள்ளையை அழுத்தித் தேய்த்தார். தேய்த்த விரலைப் பிச்சைமணியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாத்தோ அண்ணாச்சி. மாவு இல்ல."

"தெரியுது சேட்டா."

அனில் சிரிக்க ஆரம்பித்தான். சேவியர் சிரிக்கவில்லை, ஆனால் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. துணிப்பையைத் திறந்து கிளாராவை உள்ளே வைத்து, தலை வெளியே தெரிகிற மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும் படகில், பாதி தூரம் வந்த பிறகு, அவராகவே பேசினார்.

"அப்போ உங்க உளுந்து நீந்தி வரல்லே?"

"இல்ல சேட்டா. வீட்டுலயே தூங்கிட்டு இருந்திருக்கு."

"நான் அன்னைக்கே பறஞ்சதல்லே? அழிமுகத்துல பூச்சை நீந்தாதுன்னு?" சேவியர் தண்ணீரைப் பார்த்துத் தலையாட்டினார். "முப்பத்தோரு கொல்லத்து அனுபவம்."

பிச்சைமணி வண்டியை இரண்டடி முன்னால் நகர்த்தி அவர் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது உளுந்து ஸ்டூலில் இருந்தது. ஆவுடையம்மாள் விவரமெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, ஒரு கை உளுத்தம்பருப்பை முறத்தில் தள்ளியபடி, அவரைப் பார்க்காமல் சொன்னாள். "கடல் தாண்டி வந்த பூனைன்னுதான் இருக்கட்டும்னிய. இப்பத்தான் தாண்டலன்னு தெரிஞ்சுபோச்சே. வலைக்கதவக் கழத்திட்டுப் பூனைய அனுப்பப் போறியளா?"

பிச்சைமணி குனிந்து பூனையைத் தூக்கினார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை, பூனைக்கும் பழக்கமில்லை. நாலு காலும் விறைத்துக்கொண்டு தொங்கியது. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காதைப் பார்த்தார், தாடையை நிமிர்த்திப் பார்த்தார், காலைத் திருப்பிப் பார்த்தார். அவர் கைக்கு மெல்லிய சுக்கு வாசனை வந்தது.

"என்ன, மாப்பிள்ள பாக்கியளா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"பேசாம இரு. பாத்துக்கிடுதேன்."

சனிக்கிழமை காலை சேவியர் தூக்குவாளியோடு வந்தார். சவரம் செய்திருந்தார். அவருக்குப் பின்னால் கிளாரா படி வரைக்கும் வந்து, பிச்சைமணியைக் கண்டதும் நின்றுவிட்டது. அதன் கழுத்தில் ஒரு சிவப்பு ரிப்பன், குழந்தைகளுக்குக் கட்டுகிற மாதிரி பூ முடிச்சோடு இருந்தது.

"இதென்ன சேட்டா, கல்யாணமா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"அண்ணாச்சிக்கு ஆளு தெரியணுமல்லோ. இனி மாவுன்னு நினைக்க மாட்டார்."

மாவு வாங்க நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடம் இல்லாததால் மகாவும் அங்கேதான் இருந்தாள். "அப்பா, நம்ம உளுந்துக்கும் ஒண்ணு கெட்டுவமா? பச்சக் கலர் இருக்கு."

"எதுக்குட்டி? வலது காதுல ஒரு வெட்டு. தாடைக்குக் கீழ ஒரு பழுப்புப் பொட்டு. வாலு நுனி லேசா வளைஞ்சிருக்கும். நம்ம பூனைய எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு அவர் சேவியரின் தூக்குவாளியை வாங்கித் தராசில் வைத்தார்.

"ஒரு கிலோ," என்றார் சேவியர். "புது மாவுதானே?"